பேரை மட்டும் தரமாட்டேன்

என் கைகளைத் திரையில் பார்த்தபோது முதலில் கோபம் வரவில்லை. யாரோ தெரிந்தவர் கை மாதிரி இருக்கிறதே என்றுதான் தோன்றியது. இடது சுண்டுவிரல் நுனியில் புண் ஆறிய குழி. நீட்ட முடியாமல் வளைந்தே நிற்கும் நடுவிரல். மெழுகு பூசியதுபோல மினுங்கும் தோல். பிறகு குனிந்து மடியில் கிடந்த என் கையைப் பார்த்தேன். அதே குழி, அதே வளைவு.

அது சென்னையில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையம். விஞ்ஞானத்தில் முனைவர் பட்டம் வாங்குவதற்காக அந்த ஆண்டு சேர்ந்திருந்த பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வைத்தியம் பார்க்கும் அரசு மருத்துவமனை டாக்டரம்மா சொல்லித்தான் போயிருந்தேன். "இந்தப் பிள்ளைங்க நோயப் பத்தி நிறைய படிச்சிருக்காங்க. நோயாளியோட உக்காந்து பேசினதில்ல. ஒரு தடவை போயிட்டு வாங்களேன்" என்றிருந்தார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் காலை ரயிலைப் பிடித்தேன்.

பயிற்சிக்குப் பொறுப்பான பேராசிரியர் வாசலிலேயே வரவேற்றார். மரியாதையான மனிதர். "பத்து நிமிஷம் போதும்மா. கையைக் காட்டுங்க, வாய் எவ்வளவு திறக்குதுன்னு காட்டுங்க. குடும்பக் கதையெல்லாம் வேண்டாம், பசங்களுக்கு டைம் இல்ல" என்றார். அப்போதே ஏதோ உறுத்தியது. ஆனாலும் தலையாட்டினேன்.

என் நோயைத் தோல் இறுகும் நோய் என்று டாக்டரம்மா சொல்வார். இங்கிலீஷ் பெயர் நீளமாக இருக்கும். ரெட்டம்பேடு சாலையில் எங்கள் அக்கம்பக்கத்தாருக்கு அது 'கைவியாதி'. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு நான் சூப்பர்வைசராக இருந்தேன். ஒரு மார்கழியில் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கும்போது விரல்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போயின. கொஞ்ச நேரத்தில் நீலம். பிறகு சிவந்து, ஊசி ஊசியாகக் குத்தியது. பனி என்று நினைத்தேன். பனி போனபிறகும் அது போகவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் தோல் இறுகியது, மூட்டுகள் மடங்க மறுத்தன, வாய் சிறுத்தது. இட்லியைக்கூடப் பிட்டுப் பிட்டுத்தான் உள்ளே தள்ளவேண்டியிருந்தது. ரேகை தேய்ந்துபோனதால் கம்பெனியின் வருகைப் பதிவு மெஷின் என் விரலை ஏற்றுக்கொள்ளவில்லை. சில மாதம் கையால் எழுதிக்கொண்டார்கள். அப்புறம், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

இதையெல்லாம் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லலாம் என்றுதான் போனேன். ஆனால் நான் வாயைத் திறக்கும் முன்பே திரையில் என் கை வந்துவிட்டது. பேராசிரியர் ஒரு சிவப்பு ஒளிப்புள்ளியை அதன்மேல் நகர்த்தி இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் வைத்தியத்துக்காக என்று சொல்லி எப்போதோ எடுத்த படம். எடுத்தது நினைவிருக்கிறது. இங்கே வரும் என்று யாரும் சொன்னதாக நினைவில்லை.

"சார், அது என் கை" என்றேன்.

அவர் திரும்பினார். "ஆமாம்மா. முகம் இல்ல பாருங்க. பேரும் போடல. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுது சார். கேட்டிருக்கணும் இல்ல?"

 அரங்கில் ஏசி உறைய வைத்துக்கொண்டிருந்தது. என் விரல்கள் ஏற்கெனவே நீலத்துக்குப் போயிருந்தன. அவர் சிரித்தபடி, "சரிம்மா, இப்போ நேர்லயே காட்டிடுங்களேன், முன்னாடி வந்து" என்றார்.

நான் பையிலிருந்து கையுறைகளை எடுத்தேன். என் கணவர் வேலை செய்யும் ஆலையில் தருகிற பின்னல் கையுறை. ஒவ்வொரு விரலாக நுழைப்பதற்கு எனக்கு நேரம் பிடிக்கும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டு முடித்தேன்.

"காட்ட மாட்டேன். என்னைக் கேளுங்க, இன்னா கேட்டாலும் சொல்றேன். காட்டறதுக்கு நான் வரல" என்றேன். பதற்றத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. திருத்திக்கொள்ளவில்லை.

யாரும் கேட்கவில்லை. பயம் அவரைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. கடைசியில் மூன்றாவது வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் எழுந்து, "உங்களுக்கு ஒரு நாள்ல ரொம்பக் கஷ்டமான வேலை எது?" என்று கேட்டாள்.

"இங்க உக்காந்திருக்கிறதுதான். ஏசியக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுமா" என்றேன்.

அவளே போய்க் குறைத்தாள். பிறகு கொஞ்சம் பேசினேன். பத்து நிமிடம் முடிந்துவிட்டது என்று ஒருவர் வந்து காதில் சொன்னார், கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் கொடுத்தார், வழியில் சாப்பிட்டுக்கொள்ளச் சொல்லி. மதியம்வரை நிகழ்ச்சி இருப்பது எனக்குத் தெரியும். பொட்டலத்தை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பேச்சில் பாதி புரியவில்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் போன மேஜைக்கே போய், தட்டெடுத்து, தயிர்சாதம் போட்டுக்கொண்டு, ஸ்பூனால் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

அடுத்த முறை மருந்து வாங்கப் போனபோது டாக்டரம்மா சங்கடத்தோடு சிரித்தார். "போன் பண்ணாங்க. இனிமே கொஞ்சம் அமைதியானவங்களா பாத்து அனுப்பச் சொன்னாங்க." அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. படம் எப்படிப் போனது என்று விசாரிப்பதாகச் சொன்னார்.

வீட்டில் நிலைமை வேறு. என் கணவர் இரும்பாலை ஒன்றில் எடைமேடை பார்க்கிறவர். நாள் முழுக்க லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருவதால், வீட்டில் அமைதி வேண்டும் என்பவர். "உனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? கைய போட்டா புடிச்சாங்க, போட்டுக்கினாங்க. உன் கைய வெட்டிக்கினா போய்ட்டாங்க?" என்றார்.

"உன் போட்டோவ எவனாவது போர்டுல போட்டு, இது தொப்பை, இப்பிடித்தான் வளரும்னு குச்சி வச்சுக் காட்டினா உனக்கு எப்பிடி இருக்கும்?"

அவர் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

எல்லாம் முடிந்துபோயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் வாசலில் அந்தக் கண்ணாடிப் பெண் நின்றாள். டாக்டரம்மா எனக்குப் போன் செய்து, "அந்தப் பொண்ணு உங்க அட்ரஸ் கேக்குது, தரலாமா?" என்று அனுமதி வாங்கியிருந்தார். ஆனாலும் வருவாள் என்று நான் நம்பவில்லை. அவளுக்குச் சொந்த ஊர் கடம்பத்தூர். அப்பா நெல் பயிரிடுகிறவர். அரக்கோணம் லைனில் சென்ட்ரலுக்கு வந்து, அங்கே ரயில் மாறி எங்கள் லைனில் கும்மிடிப்பூண்டிவரை வந்திருக்கிறாள்.

"சார்கிட்ட சொல்லிட்டு வந்தியா?"

"இல்ல மேடம். பயந்துகினேதான் வந்தேன்."

ஆராய்ச்சி நிலையத்தில் அவள் பேசிய திருத்தமான தமிழ் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த 'பயந்துகினே'வைக் கேட்டதும் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. "மேடம் வாணாம், அக்கான்னே கூப்புடு. உள்ள வா, நாஷ்டா ஆச்சா?" என்றேன்.

அவள் அந்தப் பேராசிரியரின் கீழ் என் நோயைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தாள். எலிகளுக்குத் தினமும் ஒரு மருந்தை ஊசியில் ஏற்றித் தோலை இறுக வைப்பது. பிறகு வேறொரு மருந்தைக் கொடுத்து இறுக்கம் குறைகிறதா என்று பார்ப்பது. எலிகளைப் பற்றி அவளுக்கு நிறையத் தெரிந்திருந்தது. இந்த நோய் வந்த மனிதர் என்று அவள் முதன்முதலில் பார்த்தது என்னைத்தான். அதுவும் நான் சண்டை போடும்போது.

"உங்ககிட்ட நான் இன்னா கேக்கணும்னே எனக்குத் தெரியலக்கா" என்றாள்.

"எனக்கும் தெரியல. ரேஷன் கடைக்குக் கிளம்பிக்கினு இருந்தேன். வரியா?"

ரேஷன் கடையில் நல்ல கூட்டம். என் முறை வந்ததும் விரலை வைத்தேன். மெஷின் ஏற்கவில்லை. வேறு விரல், அதுவும் இல்லை. கடைக்காரர், "ரேகை உழலம்மா. ஊட்டுக்காரர இட்டுகினு வா" என்றார். ஒவ்வொரு மாதமும் இதையேதான் சொல்வார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கூட வந்தவள் முன்னால் பாய்ந்து, "சார், இவங்களுக்கு மெடிக்கல் பிராப்ளம்" என்று ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ சும்மா இரு. நீ இன்னிக்குப் போயிடுவ. நான் அடுத்த மாசமும் வரணும்."

பிறகு கடைக்காரரிடம், "கண்ணு பாக்கிற மெஷின எடுங்கண்ணா, உள்ளதான் இருக்குது" என்றேன். சார்ஜ் இல்லை என்றார். போடுங்கள், நிற்கிறேன் என்றேன். வரிசையைவிட்டு நகரவில்லை. என்னைத் தாண்டி யாருக்கும் போட முடியாதபடி தராசுக்கு முன்னாலேயே பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டம் என்னைத் திட்டியது, பிறகு கடைக்காரரைத் திட்டியது. மெஷின் வெளியே வந்தது. கண்ணைக் காட்டி அரிசி வாங்கினேன்.

திரும்பி வரும்போது அரிசிப் பையை அவள் தூக்கிக்கொண்டாள்.  பிறகு, "எலியோட தோல் தடிமனை அளக்கறேன்கா. அது ஒண்ணுதான் அளக்கறேன்" என்றாள்.

"எலிக்குக் குளிர் ஒத்துக்குமா?"

"எலி ரூம எப்பவும் ஒரே சூட்டுல வச்சிருப்போம்."

"என்னவிட எலி குடுத்து வச்சது" என்றேன். இருவரும் சிரித்தோம். சிரித்தபிறகு, ஆராய்ச்சி முடிந்ததும் எலிகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கொன்றுவிடுவோம் என்றாள், முகத்தைத் திருப்பாமல். மழுப்பாமல் சொன்னாளே என்று இருந்தது.

அதன்பிறகு அவ்வப்போது வந்தாள். நானும் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். குளிரில் ரத்தக்குழாய் ஏன் சுருங்குகிறது, தழும்பு ஏன் நிற்காமல் வளர்கிறது என்று காலண்டர் தாளின் பின்புறத்தில் வரைந்து காட்டினாள். என் உடம்புக்குள் நடப்பதை முதன்முதலாக யாரோ எனக்குச் சொன்னார்கள்.

சில மாதம் கழித்து பேராசிரியரே போன் செய்தார். குரலில் புதிதாக ஒரு கனிவு. ஆராய்ச்சிக்குப் பண உதவி செய்யும் அமைப்பு ஒன்று, மாணவர்களின் பயிற்சியில் நோயாளிகளும் பங்கேற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறதாம். "உங்க பேரைச் சேத்துக்கறோம்மா. நீங்க அலைய வேண்டாம். வீட்லயே இருங்க, ஓகேன்னு மட்டும் சொன்னா போதும்."

"பேரு வேணும்னா நானும் வருவேன் சார். பேரை மட்டும் தரமாட்டேன்."

"வந்து என்னம்மா பண்ணுவீங்க? எல்லாம் டெக்னிக்கலா இருக்கும்."

"புரியிற மாதிரி சொல்லித் தரணும். அவங்களுக்கும் அதுதானே பயிற்சி?"

அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.  போனை வைத்தபிறகு என்னென்ன கேட்டிருக்கவேண்டும் என்று தோன்றத் தோன்ற, மறுபடி நானே கூப்பிட்டேன். எங்கள் படம் எதையும் எங்களைக் கேட்காமல் போடக்கூடாது. ஆராய்ச்சி நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் எங்களிடம் வந்து சொல்லவேண்டும். அப்புறம், நாங்களே எப்போதும் அங்கே வர முடியாது, பிள்ளைகள் ஒரு நாளாவது எங்கள் பக்கம் வரட்டும் என்றேன். அவர் பெருமூச்சுவிட்டது தெளிவாகக் கேட்டது. ஒரு வாரம் கழித்து, சரி என்று தகவல் வந்தது. டாக்டரம்மாவும் எங்கள் பக்கம் நின்று பேசியிருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்தது.

எங்கே அழைத்துப்போவது என்று எனக்குக் குழப்பமே இல்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் எங்கள் நோய்க்காரி ஒருத்தி இருந்தாள். மருத்துவமனை பெஞ்சில் பழக்கமானவள், என்னைவிட மூத்தவள், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மீன்பிடிக்கிற குடும்பம். வருஷக்கணக்காக ஐஸில் கைவிட்டு இறால் தரம் பிரித்தவள். அவள் கைக்கு முன் என் கை ஒன்றுமே இல்லை. இரண்டு விரல்நுனிகள் கறுத்து விழுந்துவிட்டன. ஆராய்ச்சி நிலையத்துக்கு வா என்று முன்பே கூப்பிட்டிருந்தேன். "நான் இன்னாத்துக்கு வரணும்? வேணும்னா அவுங்க வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். நான் போட்ட நிபந்தனையில் பாதி அவளுடையது.

பிள்ளைகள் பொன்னேரிவரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் வந்தார்கள். வேன் வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பேராசிரியரும் வந்தார், பஸ்ஸில் நின்றுகொண்டே. குப்பத்தில் ஒரு தென்னங்கீற்றுப் பந்தலில் எல்லோரும் உட்கார்ந்தோம். ஏரியிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"என் கையப் பாத்து படிச்சு உங்களுக்குப் பட்டம் வரும். பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்குவீங்க. எனக்கு இன்னா வரும்? யார்னா ஒருத்தர் சொல்லுங்க."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "அம்மா, ஆராய்ச்சி என்பது..." என்று ஆரம்பித்தார். அதற்குள் கடம்பத்தூர்ப் பெண் பேசிவிட்டாள்.

"எதுவும் வராதுக்கா. நாங்க பண்றது மருந்தா ஆக ரொம்ப வருஷம் ஆகும். ஆகாமலே போனாலும் போகும். உங்களுக்கு வராது."

சொல்லி முடித்ததும் அவள் அழத் தொடங்கிவிட்டாள்.  என் மனதுக்குள்ளும் ஒரு மூலையில், என் ஆயுசுக்குள் ஏதாவது வந்துவிடும் என்று ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. அது அந்தப் பந்தலில்தான் எனக்கே தெரிந்தது.

அக்கா அவளைத் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். பிறகு, "இத்தினி வருஷமா ஆஸ்பத்திரில எல்லாரும் சரியாப்பூடும் சரியாப்பூடும்னே சொல்லிகினு இருந்தாங்க. நீ ஒருத்திதான் இல்லன்னு சொன்ன" என்றாள். "அழுவாத. நீ இன்னா பண்ணுவ. இப்போ உக்காந்து கேளுங்க, சொல்றேன்."

அன்று அவள் பேசினாள். நான் சொல்லத் தயங்கியதை எல்லாம் சொன்னாள். புடவையைத் தானே கட்டிக்கொள்ள முடியாததை, மகளுக்குத் தலைவார முடியாததை, புருஷன் பக்கத்தில் படுக்கும்போது கை கல் மாதிரி இருக்கிறது என்று சொன்னதை. ஒரு பையன் எழுதிக்கொண்டே இருந்தான். "எழுதாத, என்னப் பாரு" என்று அவனை அதட்டினாள். மதியம் இறால் தொக்கும் சோறும் போட்டாள். பேராசிரியர் வேண்டாம் என்று சொன்னார், பிறகு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

ஆண்டு முடிவில், அந்தப் பெண்ணின் ஆராய்ச்சி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று விசாரிக்கிற கூட்டம் நடந்தது. மேஜையைச் சுற்றி நான்கைந்து விஞ்ஞானிகள். எனக்கும் அங்கே நாற்காலி இருந்தது. சுவரோரமாகப் போட்டிருந்தார்கள். அதை நானே மேஜைக்கு இழுத்தேன். என்னால் நன்றாக இழுக்க முடியவில்லை, கிறீச்சென்று சத்தம் கேட்டது. அந்தப் பெண் ஓடிவந்தாள். "நீ உன் வேலையப் பாரு" என்றேன்.

அவள் எனக்காக ஒவ்வொரு படத்தையும் தமிழிலும் விளக்கினாள். கோடுகள், கட்டங்கள். மருந்து கொடுத்த எலி, கொடுக்காத எலி. கடைசியில் அவள் குரல் இறங்கிவிட்டது. பேராசிரியர் நடுவில் புகுந்தார். "முடிவுகள் ஊக்கமளிக்கிற திசையில இருக்குன்னு சொல்லலாம். சின்னச் சின்ன மாற்றங்கள் தெரியுது." இது எனக்காகச் சொல்லப்பட்டது என்று புரிந்தது. மற்ற விஞ்ஞானிகள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், அந்த மருந்து வேலை செஞ்சுதா, இல்லையா?"

"அப்படி ஒரு வார்த்தையில சொல்ல முடியாதும்மா. நோயாளிகள் முன்னாடி நம்பிக்கை குறையற மாதிரி நாம பேசக் கூடாது இல்லையா?"

"என் நம்பிக்கைய நான் பாத்துக்கறேன் சார். அத நீங்க பாத்துக்க வேணாம். செஞ்சுதா, இல்லையா?"

 அந்தப் பெண்தான் பதில் சொன்னாள். "வேலை செய்யலக்கா. ரெண்டு எலிக்கும் வித்தியாசம் இல்ல. மறுபடி மறுபடி பண்ணிப் பாத்துட்டேன்." இந்த முறை அவள் அழவில்லை.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமா. வேலை செய்யலை" என்றார், தமிழில், என்னைப் பார்த்து. அவர் அதைச் சொல்லக் கஷ்டப்பட்டதைப் பார்த்தபோது, இத்தனை நாள் இவரும் யாரிடமும் 'இல்லை' என்று சொல்லிப் பழகாதவர் என்று நினைத்துக்கொண்டேன். அதற்காக நான் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்போ இந்தப் பிள்ளை வேலை செய்யலன்னு கண்டுபிடிச்சிருக்குது. இன்னொருத்தர் இதையே பண்ணி வருஷத்த வீணாக்காம இருக்கலாம். அத எழுதுவீங்களா?" என்று கேட்டேன். மேஜையின் அந்தப் பக்கமிருந்த வயதான அம்மையார் ஒருவர், எழுதத்தான் வேண்டும், பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை என்றார். எழுதலாம் என்று முடிவாயிற்று.

நான் கேட்டதெல்லாம் நடந்தது என்று சொல்ல வரவில்லை. குளிருக்கு ரத்த ஓட்டம் எப்படி மாறுகிறது என்பதையும் அவள் அளக்க வேண்டும் என்று நான் வாதாடினேன். அதற்குக் கருவி இல்லை, காலமும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்ணே அதை ஏற்கவில்லை. "அதுக்குத் தனியா ஒருத்தர் முழுசா உக்காரணும்கா. நான் அரைகுறையா பண்ணா உங்களுக்குத்தான் துரோகம்" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். பிறகு நானே கூப்பிட்டேன். அவள் சொன்னது சரி என்று இன்றுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவளும் மாறவில்லை. அவள் படிப்பு இன்னும் முடியவில்லை, பாதையை மாற்றி வேறொரு மருந்தைப் பார்க்கிறாள்.

பழவேற்காட்டு அக்கா போன மழைக்காலத்தில் இறந்துவிட்டாள். நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. அந்தப் பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் குப்பத்துக்கு வந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. பேராசிரியரும் வந்து, கூட்டத்தின் ஓரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.  எனக்கும் அவருக்கும் அப்போதும் ஒத்துப்போகாது, இப்போதும் ஒத்துப்போகாது. பேச்சுக்குப் பேச்சு என்னை 'பேஷன்ட் மேடம்' என்பார். நானும் விடாமல், "நோயாளியும்தான், வேற பலதும்தான்" என்று திருப்பிச் சொல்லுவேன்.

இப்போது அங்கே புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரும் முதல் ஆண்டில் ஒரு நாள் எங்களில் ஒருவர் வீட்டுக்குப் போகிறார்கள். திருவாலங்காட்டில் ஒரு தையல்காரர், ஆரணியில் ஒரு டீச்சர், எங்கள் தெருவுக்கு நான். போகுமுன், எங்களைக் கேட்டு, எங்களுக்கு ஒத்துவருகிற நாளைக் குறிக்கிறார்கள். சிலர் நன்றாகப் பேசுகிறார்கள். சிலர் வந்து போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவனை வெங்காயம் உரிக்க வைத்திருக்கிறேன், என்னால் உரிக்க முடியாது என்பதால்.

எனக்கு நோய் குறையவில்லை. வலது ஆட்காட்டிவிரலின் நுனி கறுத்துக்கொண்டு வருகிறது, அதற்காக மாதமொருமுறை ஆஸ்பத்திரியில் படுத்து மருந்து ஏற்றிக்கொள்கிறேன். என் கணவர் இப்போது எதிர்த்துப் பேசுவதில்லை. கூட்டம் இருக்கிற நாளில் எனக்குக் கையுறை மாட்டிவிட்டு, "அங்க போயி இன்னிக்கு யாரோட சண்ட?" என்று மட்டும் கேட்பார்.

போன வாரம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து போன் வந்தது. இந்த ஆண்டுக் கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார்களாம், எல்லா விஞ்ஞானிகளும் சரி என்று சொல்லிவிட்டார்களாம். அது நான் மருந்து ஏற்றிக்கொள்கிற நாள். நீங்கள் ஒருவர்தான் பாக்கி, இந்த ஒரு தடவை நீங்கள் இல்லாமலே நடத்திக்கொள்கிறோம் என்றார் அந்தப் பக்கத்தில் இருந்தவர்.

நடத்தக் கூடாது, நாளை மாற்றுங்கள் என்றேன்.

கொஞ்சம் பொறுங்கள், கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவர் போனார். காத்திருந்தேன். திரும்பி வந்து வேறொரு தேதியைச் சொன்னார்.